படம் அவருடையது, பக்கம் யாருடையது?

“கலைஞன் எந்தப் பக்கமும் சேராதிருக்க வேண்டும், சேர்ந்தானோ, கலை கெட்டது!” இப்படியொரு உபதேசம் நாட்டிலே அவ்வப்போது எழுகிறது. தோழர்களே, உபதேசம் செய்பவர்களைச் சற்று உற்று நோக்குங்கள். உண்டு முடித்து, உறங்கி எழுந்து, ஊர்வம்பும் பேசித் தீர்ந்த பிறகு கலையைப் பற்றிக் கவலைகொள்ளத் தொடங்கியவர்கள் அவர்கள். மன்னனின் மணிமுடியை ஒருவன் தீட்டிக் காட்டினால், ‘ஆகா, கலை!’ என்று கை தட்டுவார்கள். அந்த முடிக்குப் பொன் வெட்டியெடுத்தவனின் முதுகை ஒருவன் தீட்டிக் காட்டினால், ‘அடடா, பிரச்சாரம்!’ என்று மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். பொன்னுக்கு மணமில்லை, வியர்வைக்கு நாற்றம் உண்டல்லவா!

காமிராவைப் பற்றிப் பேசும்போது இவர்கள் இன்னும் ஒருபடி மேலே ஏறுவார்கள். காமிரா கண்ணாடி போன்றதாம். எதிரே இருப்பதைக் காட்டுமாம். அதற்கு விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லையாம். இருக்கட்டும். கண்ணாடியை எந்தச் சுவரில் மாட்டுவது என்று முடிவு செய்தவன் யார்? வீட்டு முகப்பிலே மாட்டினால் பூந்தோட்டம் தெரியும். கொல்லைப்புறத்திலே மாட்டினால் எச்சில் இலை தெரியும். இரண்டும் ஒரே வீடு, ஒரே கண்ணாடி. மாட்டிய கை மட்டுமே வேறு.

பக்கம் என்ற சொல்லுக்கு நம் மொழியிலே இரு பொருள் உண்டு. நிற்கிற பக்கம் ஒன்று. அச்சாகிற பக்கம் மற்றொன்று. நம்மவர் பலர் முதற்பக்கத்தைப் பற்றியே பேசிப் பேசி, இரண்டாவதை மறந்தே போனார்கள். ஏழையின் பக்கம் நிற்கிறேன் என்று ஒரு கலைஞன் மார்தட்டிவிட்டால் போதும் என்று மகிழ்கிறோம். அவன் எடுத்த படம் எந்தப் பக்கத்தில் அச்சாகிறது, அந்தப் பக்கத்துக்கு உடையவன் யார், படத்துக்கு அடியிலே வாசகம் எழுதுகிறவன் யார் என்று கேட்டோமா? கேட்க வேண்டும் என்பதற்காகவே ஒரு மனிதரின் வாழ்க்கையை இன்று உங்கள் முன் வைக்கிறேன். கறுப்பின மக்களின் துயரை உலகறியச் செய்த அமெரிக்கர். புகைப்படக்காரர், திரைப்பட இயக்குநர், எழுத்தாளர், இசையமைப்பாளர். பெயர், கார்டன் பார்க்ஸ்.

1912-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், கான்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் ஸ்காட் என்னும் சிற்றூரில், பதினைந்து பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். தொடக்கப்பள்ளியிலே கறுப்பருக்குத் தனி இடம். உயர்நிலைப்பள்ளி பொது, பொது என்றால் எப்படிப்பட்ட பொது? ஒரே கூரையின்கீழ்ப் பாடம் கேட்கலாம். விளையாட்டிலே சேரக் கூடாது, விழாவிலே கலக்கக் கூடாது. கல்லூரிக்குப் போவது உங்களுக்குக் காசுக்குக் கேடு என்று கறுப்பினப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொன்ன ஆசிரியையும் அங்கே இருந்தார். ஒருநாள் வெள்ளைச் சிறுவர் மூவர், நீந்தத் தெரியாது என்று எண்ணி, அவரை மார்மட்டன் ஆற்றிலே தள்ளினர். பையன் என்ன செய்தான் தெரியுமா? கரையேறுவது அவர்கள் கண்ணில் படாதபடி நீருக்குள்ளேயே மூழ்கிச் சென்று தப்பினான். பிழைத்திருப்பதைக்கூட ஒளித்துக்கொண்டு பிழைக்க வேண்டிய நாடு அது!

பதினாறு நிறையுமுன் தாயை இழந்தார். மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகருக்கு, அக்காள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்காள் புருஷன் வெளியே தள்ளிவிட்டான். பனிக்காலத்து இரவுகளில் டிராம் வண்டியிலே ஏறி, அந்த முனைக்கும் இந்த முனைக்குமாகப் போய்வந்து, அதிலேயே உறங்கினார். விடுதியிலே பியானோ வாசித்தார். எச்சில் தட்டு எடுத்தார். பிறகு ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியிலே பரிமாறுபவர் ஆனார். பயணி ஒருவர் விட்டுச்சென்ற பத்திரிகை அந்த ரயிலிலேதான் கைக்குக் கிடைத்தது. அதிலே, நிலம் இழந்து பிழைப்புத் தேடி அலைந்த உழவர்களின் படங்கள். 1937-ஆம் ஆண்டின் இறுதியில், சீனத்து யாங்சி ஆற்றிலே ஜப்பானிய விமானங்கள் அமெரிக்கப் படகொன்றைக் குண்டு வீசி மூழ்கடித்தன. அதைப் படம்பிடித்த நார்மன் ஆலி என்னும் செய்திப்படக்காரரின் காட்சிகளைச் சிகாகோ நகரத் திரையரங்கொன்றிலே கண்டார் பார்க்ஸ். இரண்டும் சேர்ந்து ஓர் எண்ணத்தை மூட்டின. அடகுக் கடையிலே பழைய காமிரா ஒன்றை வாங்கினார். கற்றுக்கொடுக்க ஆசானில்லை; தாமே கற்றார். பல ஆண்டுகள் கழித்து, 1966-இல், தம் வரலாற்றை எழுதியபோது, ஆயுதத்தைத் தெரிந்தெடுத்தல் என்று பொருள்படும் தலைப்பை அதற்குச் சூட்டினார். கத்தியும் துப்பாக்கியும் எளிதில் கிடைக்கும் தெருவிலே வளர்ந்தவர் காமிராவை எடுத்தார் என்பதே அதன் பொருள்.

அந்த ஆயுதம் முதன்முதலில் உரையைவிட்டு வெளிவந்த இடம், தலைநகரான வாஷிங்டன். ஆண்டு 1942. ரோசன்வால்டு அறக்கட்டளையின் உதவித்தொகை பெற்று, ‘பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம்’ என்னும் அரசுத் துறையின் புகைப்படப் பிரிவிலே, ராய் ஸ்ட்ரைக்கர் என்பவரின் கீழ்ப் பயில வந்தார். ஸ்ட்ரைக்கர் முதல் வேலையாக, காமிராவை வைத்துவிட்டு ஊரைச் சுற்றிவாரும் என்று அனுப்பினார். துணிக்கடைக்குப் போனார், கவனிப்பாரில்லை. உணவகத்துக்குப் போனார், பின்வாசலுக்குப் போகச் சொன்னார்கள். திரையரங்குக்குப் போனார்; கதவு திறக்கவில்லை. உலகத்துக்கெல்லாம் சுதந்தரம் வாங்கித்தரப் போருக்குக் கிளம்பிய நாட்டின் தலைநகரம், தோழர்களே!

கொதிப்போடு திரும்பியவரிடம் ஸ்ட்ரைக்கர் சொன்னது நம் ஊழியர் ஒவ்வொருவரும் மனத்திலே கொள்ளத் தக்கது. ஒரு வெறியனைப் படமெடுத்து அடியிலே ‘வெறியன்’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்ததாகாது. இதே கட்டடத்தில் தரை கூட்டும் அம்மையாரிடம் போய்ப் பேசிப் பாரும் என்ற பொருள்பட அவர் வழிகாட்டினார். பார்க்ஸ் போய்ப் பேசினார். அந்த அம்மையாரின் பெயர் எல்லா வாட்சன். தந்தையை வெறிக்கும்பல் கொன்றது. கணவன் சுடப்பட்டு இறந்தான். மகளும் இறந்தாள். மகளின் பிள்ளைகள் இவர் கையிலே. அரசுப் பணியிலே இருபத்தாறு ஆண்டு; ஆண்டுச் சம்பளம் 1,080 டாலர்.

பார்க்ஸ் அவரைச் சுவரிலே தொங்கிய பெரிய அமெரிக்கக் கொடியின் முன்னே நிறுத்தினார். கையிலே துடைப்பம், அருகே ஈரத்துணி கட்டிய, தரை துடைக்கும் கோல். கிராண்ட் வுட் என்னும் ஓவியர் 1930-இல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியம் ஒன்றுண்டு: வைக்கோல் வாரும் கவையை ஏந்திய வெள்ளை உழவனும் பக்கத்திலே ஒரு பெண்ணும், வீட்டு வாசலிலே விறைப்பாய் நிற்பார்கள். ‘அமெரிக்கன் கோதிக்’ என்பது அதன் பெயர். அதே கோலத்தை, அதே பெயரை இந்தப் படத்துக்குக் கொடுத்தார் பார்க்ஸ். கூச்சல் இல்லை; வசை இல்லை; ஒரு கொடி, ஒரு துடைப்பம், ஒரு முகம். கொடி சொல்வதைத் துடைப்பம் மறுக்கிறது. துடைப்பம் சொல்வதை அந்த முகம் மெய்ப்பிக்கிறது. பார்த்த ஸ்ட்ரைக்கரே, நம் எல்லோர் வேலையும் போய்விடும் போலிருக்கிறதே என்று அஞ்சினாராம்.

பக்கம் சேராத கலை என்று பேசுவோர் இந்தப் படத்தின் முன்னே வந்து நின்று சொல்லட்டும்: இதிலே எது கலை, எது பக்கம்? பிரித்துக் காட்டட்டும்! ஒன்று சொல்கிறேன். அன்று ஒரு படம் எடுத்ததோடு பார்க்ஸ் மூட்டை கட்டவில்லை. வாரக்கணக்கிலே அந்த அம்மையாரின் பின்னே போனார். அவர் வீட்டை எடுத்தார், பேரப்பிள்ளைகளை எடுத்தார், தொழுகைக் கூட்டத்தை எடுத்தார். துடைப்பத்தோடு நின்றவர் ஒரு குடும்பத்தின் தலைவி என்பதையும், தன் சபையிலே மதிப்புடையவர் என்பதையும் காட்டினார். இரக்கத்துக்குரிய உருவமாக மட்டும் அவரை விட்டுவிட்டு வரவில்லை.

இனி, மறுதரப்பாரின் வாதத்துக்கு வருகிறேன். நம்மிடையே உள்ள தீவிரவாதச் செம்மல்கள் கேட்பார்கள்: “நீர் புகழும் இந்த மனிதர், ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனிக்காகப் படமெடுக்கவில்லையா? ‘வோக்’ என்னும் சீமாட்டிகளின் ஏட்டிலே பட்டுடைப் பாவையரைப் படமெடுக்கவில்லையா?” எடுத்தார். 1943-இல், கறுப்பின விமானப் படையினரோடு ஐரோப்பியப் போர்முனைக்குச் செல்லப் புறப்பட்டவரைக் கடைசி நேரத்தில் தடுத்து நிறுத்தியது அரசு. அதன்பின், தன் கெட்ட பெயரைத் துடைத்துக்கொள்ள நியூஜெர்சி எண்ணெய்க் கம்பெனி நடத்திய படத்திட்டத்திலே, பழைய தலைவர் ஸ்ட்ரைக்கரின் கீழ்ச் சம்பளத்துக்கு வேலை செய்தார். அதற்காகத் தூற்றுவோர், அவர் குழந்தைகளுக்கு அன்று யார் சோறு போட்டிருப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூலிக்குப் போன உழைப்பாளியை ஏசுவது எளிது. கூலி கொடுப்பவனின் கணக்கைக் கேட்பதே அரசியல். நான் கேட்பது இரண்டாவது கேள்வியை.

அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் இடம் ‘லைஃப்’. ஹென்றி லூஸ் என்னும் பத்திரிகைப் பெருமுதலாளியின் படவார ஏடு. வாரந்தோறும் லட்சோபலட்சம் வீடுகளுக்குள் நுழைந்த ஏடு. 1948-இல் பார்க்ஸ் அதன் முதல் கறுப்பினப் புகைப்படக்காரர் ஆனார். பெருமைதான், மறுக்கவில்லை.

முதலில் அவர் எடுத்துக்கொண்டது, நியூயார்க் நகரத்து ஹார்லெம் சேரியில் அடிதடிக் கூட்டமொன்றுக்குத் தலைவனாயிருந்த பதினேழு வயது இளைஞனின் கதை. வாரக்கணக்கில் அவனோடு பழகினார், நூற்றுக்கணக்கில் படமெடுத்தார். சண்டை இருந்தது; சாவு இருந்தது. வீட்டிலே அன்புள்ள பிள்ளையாய் இருந்த நேரமும் இருந்தது. சிரித்த நேரமும், சிந்தித்த நேரமும் இருந்தன. இந்தப் பிள்ளை ஏன் இப்படி ஆனான் என்று நாடு கேட்க வேண்டும் என்பது பார்க்ஸின் நோக்கம். 1948 நவம்பர் முதல் நாள் இதழ் வெளிவந்தது. அச்சானவை 21 படங்கள். பெரும்பாலும் எவை தெரியுமா? இருட்டு, அச்சம், அடிதடி! சிலவற்றை ஓரம் வெட்டினார்கள். சிலவற்றை மேலும் கறுப்பாக்கினார்கள். ஏன் இப்படி ஆனான் என்று கேட்க எடுத்த படங்கள், பாருங்கள் இவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று சொல்லும் படங்களாக மாறின. ஒரு படத்தைக்கூடப் பொய்யாக்கவில்லை. தெரிந்தெடுத்ததும் வரிசைப்படுத்தியதும் வாசகம் எழுதியதும் தவிர, ஆசிரியர் குழு ஒரு பாவமும் அறியாது! 2013-இல், அச்சான படங்களையும் அச்சாகாத படங்களையும் அருகருகே வைத்து நியூ ஆர்லியன்ஸ் நகர அருங்காட்சியகம் ஒரு காட்சி நடத்தியது. அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு! அந்த இளைஞனைப் பற்றி ஊர் அன்று கொண்ட கருத்தை யார் திருப்பி வாங்குவது?

1950-இல் அதே ஏட்டுக்காகத் தம் பிறந்த ஊருக்குப் போனார். கறுப்பருக்கெனத் தனியே நடந்த அந்தத் தொடக்கப்பள்ளியிலே தம்மோடு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று தேடித் தேடிப் படமெடுத்தார். பிரிவினை என்பது ஒருவனின் வாழ்நாள் முழுவதையும் எப்படிக் குறுக்குகிறது என்பதை அதைவிட நன்றாகக் காட்ட முடியாது. கட்டுரை தயாரானது. அச்சாகவில்லை! வேறு செய்திகளுக்கு இடம் தேவைப்பட்டதாம். வாரந்தோறும் சோப்புக்கும் காருக்கும் முழுப்பக்கம் கிடைத்த ஏட்டிலே இதற்குப் பக்கம் கிடைக்கவில்லை.

1956-இல் தென்பகுதியான அலபாமாவுக்குப் போனார். மாண்ட்காமரி நகரிலே பேருந்துப் புறக்கணிப்புப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு. அவர் கறுப்பு வெள்ளையிலே எடுக்கவில்லை; வண்ணத்திலே எடுத்தார். அழகிய ஆடை அணிந்த ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் கடைவாசலிலே நிற்கிறார்கள். தலைக்கு மேலே ‘கறுப்பர் வாசல்’ என்று சிவப்பு விளக்கு எரிகிறது. கம்பி வேலிக்கு இப்பால் நின்று, வெள்ளையருக்கு மட்டுமேயான விளையாட்டுத் திடலைக் குழந்தைகள் பார்க்கிறார்கள். ரத்தம் இல்லை; தடியடி இல்லை. ஞாயிற்றுக்கிழமை உடுப்பு அணிந்த அவமானம்! அந்த ஆண்டு செப்டம்பரிலே ‘லைஃப்’ அந்தக் கட்டுரையை வெளியிட்டது. பாராட்ட வேண்டும். ஆனால் பின்கதையையும் கேளுங்கள். அந்தக் கட்டுரையிலே இடம்பெற்ற ஒரு குடும்பம். மனைவி கிராமத்துப் பள்ளி ஆசிரியை, கணவன் மரம் வெட்டுபவன். பிரிவினை ஒழிய வேண்டும் என்று அவள் துணிந்து சொல்லியிருந்தாள். இதழ் வெளிவந்தது, ஆசிரியை வேலை போயிற்று, கணவனின் தொழில் போயிற்று, ஊரைவிட்டு, மாநிலத்தைவிட்டே அவர்கள் வெளியேற நேர்ந்தது. பத்திரிகை 25,000 டாலர் கொடுத்து வேறிடத்தில் குடியமர்த்தியது. படமெடுத்தவர் நியூயார்க் திரும்பலாம்; படமானவர் அங்கேயே வாழ வேண்டும். இதைப் பார்க்ஸ் உணர்ந்திருந்தார்.

உணர்ந்தவரையும் உலகம் சும்மா விடவில்லை. 1961, பிரேசில் நாட்டு ரியோ நகரம். ‘கட்டகும்பா’ என்னும் மலைச்சரிவுச் சேரி. அனுப்பிய ஏட்டின் நோக்கம் வேறு. கியூபாவிலே நடந்தது மற்ற லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் நடந்துவிடப் போகிறதே, வறுமையிலே பொதுவுடைமை முளைத்துவிடுமே என்ற கவலை. வறுமை கொடிது என்பதற்காக வந்த கவலை அன்று. வறியவன் எழுந்துவிடுவானே என்பதற்காக வந்த கவலை! ஏழைத் தகப்பன் ஒருவனைப் படமெடுத்து வா என்று பணித்தார்கள். பார்க்ஸ் தகப்பனை விட்டுவிட்டு ஒரு சிறுவனைத் தேர்ந்தார். பெயர் ஃபிளேவியோ. வயது பன்னிரண்டு. நெஞ்சிலே ஆஸ்த்மா. தாயும் தந்தையும் பிழைக்கப் போக, தம்பி தங்கையரைச் சமைத்துப் போட்டு, குளிப்பாட்டி, அடித்து, அணைத்து வளர்த்துக்கொண்டிருந்த குழந்தைத் தகப்பன் அவன்.

ஜூன் மாத இதழிலே கதை வந்தது. அமெரிக்க வாசகர் நெஞ்சு உருகிற்று. ஏறத்தாழ 30,000 டாலர் குவிந்தது. குடும்பத்துக்குப் புது வீடு. பையனைக் கொலராடோ மாநிலத்து டென்வர் நகர மருத்துவமனைக்கு அழைத்து வந்தார்கள். இரண்டாண்டு இருந்தான், தேறினான், திரும்பிப் போக மனமில்லாமல் 1963-இல் திருப்பியனுப்பப்பட்டான். நல்லதுதானே என்பீர்கள். ஒரு பிள்ளை பிழைத்ததை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் அந்தச் சேரியிலே இருந்தவன் அவன் ஒருவன்தானா? பக்கத்துக் குடிசைப் பிள்ளைக்கு இருமல் இல்லையா? காமிரா எந்தக் குடிசையிலே நுழைந்ததோ அந்தக் குடிசைக்கு மட்டும் மழை. அடுத்த குடிசைக்கு வெயில். கருணை என்பது குலுக்கல் சீட்டாகிவிட்டது. 1970-இல் அந்தச் சேரியையே இடித்து, மக்களை எங்கெங்கோ அனுப்பினார்கள். அதற்கு எந்த வாசகரும் காசோலை அனுப்பவில்லை.

அதைவிட வேடிக்கை ஒன்று நடந்தது. எங்கள் நாட்டு வறுமையை எப்படிக் காட்டலாம் என்று சினந்தது ‘ஓ குருசெய்ரோ’ என்னும் பிரேசில் பத்திரிகை. தன் புகைப்படக்காரரான ஹென்றி பாலோவை நியூயார்க் நகரத்துக்கே அனுப்பி, அங்கே கரப்பான் பூச்சிகளுக்கிடையே வாழ்ந்த ஒரு போர்ட்டோ ரிக்கோக் குடும்பத்தைப் படமெடுத்து, பதிலுக்குப் பதில் என்று வெளியிட்டது. ‘நீ ஜோடித்த படம்’ என்று இவர்கள் அவர்களைச் சொல்ல, ‘நீதான் ஜோடித்தாய்’ என்று அவர்கள் இவர்களைச் சொல்ல, இரு முதலாளிகளின் கௌரவத்துக்காக இரு நாட்டு ஏழைகளும் சண்டைச் சேவல்களானார்கள். ரியோவின் ஏழையும் நியூயார்க்கின் ஏழையும் ஒரே பக்கத்திலே அருகருகே அச்சாகியிருந்தால் எவ்வளவு பெரிய உண்மை வெளிப்பட்டிருக்கும்! அந்தப் பக்கம் யாரிடமும் இல்லை.

1968-இல் ஹார்லெமின் இன்னொரு குடும்பத்தோடு ஏறத்தாழ ஒரு மாதம் கழித்தார். நகரங்கள் ஏன் எரிகின்றன என்று நாடு கேட்டபோது, வாருங்கள், இந்தக் குளிர்ந்த வீட்டுக்குள் வந்து பாருங்கள் என்பதுபோல் அமைந்த கட்டுரை அது. மீண்டும் உதவி, மீண்டும் ஒரு புது வீடு. குடிபோன சில மாதத்திலே அந்த வீடு தீப்பற்றியது. தந்தையும் ஒரு மகனும் மாண்டனர். இதற்கு யாரைக் குறை சொல்வது? நான் யாரையும் சொல்லவில்லை. ஒரு வீட்டை மாற்றிக் கொடுத்து ஒரு சமுதாயத்தின் கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று எண்ணியது அந்த ஏடு. அந்தக் கணக்கு அப்படித் தீரவில்லை.

திரைப்படத்துக்கு வருவோம். 1963-இல் தாம் எழுதிய ‘தி லேர்னிங் ட்ரீ’ என்ற நாவலை, 1969-இல் தாமே திரைக்கதை எழுதி, தயாரித்து, இயக்கி, இசையும் அமைத்துப் படமாக்கினார். ஹாலிவுட்டின் பெரிய நிறுவனமொன்றுக்குப் படம் இயக்கிய முதல் கறுப்பர் அவரே. படம் பிடித்த இடம், தம்மை ஆற்றிலே தள்ளிய அதே ஃபோர்ட் ஸ்காட்! 1971-இல் ‘ஷாஃப்ட்’ வந்தது. எவனுக்கும் தலை வணங்காத கறுப்பினத் துப்பறிவாளன் திரையிலே நடந்தபோது, திரையரங்குகளிலே கறுப்பின இளைஞர் எழுந்து நின்று ஆர்ப்பரித்தனர். நொடித்துக் கிடந்த எம்.ஜி.எம். நிறுவனத்தின் கல்லா நிறைந்தது. நிறைந்ததும் என்ன செய்தார்கள்? அந்தக் கதாநாயகனின் மதிப்பை விட்டுவிட்டு, அவன் துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு, மலிவான படங்களை வரிசை வரிசையாகச் சுட்டுத் தள்ளினார்கள். பழி மட்டும் பார்க்ஸின் தலையிலும் விழுந்தது. 1976-இல் ‘லெட்பெல்லி’ என்று, சிறைவாசம் கண்ட நாட்டுப்பாடகர் ஒருவரின் வரலாற்றை எடுத்தார். மனமுருகி எடுத்த படம். நிறுவனம் கவனிக்காமல் விட, வந்த சுவடு தெரியாமல் போயிற்று. படம் அவருடையது, திரை யாருடையது?

தோழர்களே, அவரும் இதை அறியாதவரல்லர். 1970-இல், கறுப்பினப் பெண்களுக்கென ‘எசென்ஸ்’ என்ற மாத இதழ் கறுப்பினத்தவர் கையாலேயே தொடங்கப்பட்டபோது, அதன் உருவாக்கத்திலே பங்குகொண்டு, முதல் மூன்றாண்டுகள் அதன் ஆசிரியத் தலைமையை ஏற்றார். பிறர் வீட்டு விருந்திலே எத்தனை நாள் இருந்தாலும் அடுப்பு நமதாகாது என்று அறிந்தவரின் செயல் அது. அந்த இதழின் பிற்காலம் ஒரு பாடம். 2005-இல் அதை முழுவதும் விலைக்கு வாங்கிய நிறுவனம் எது? ‘லைஃப்’ ஏட்டை நடத்திய அதே ‘டைம்’ நிறுவனம்! 2018-இல்தான் மீண்டும் கறுப்பினத்தவர் கைக்கு அது வந்து சேர்ந்தது. சொந்தப் பக்கத்தைத் தொடங்குவது ஒரு போர் என்றால், அதைக் கையிலே வைத்திருப்பது மற்றொரு போர்.

இன்று உங்கள் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் காமிரா இருக்கிறது. அடகுக் கடைக்குப் போக வேண்டியதில்லை. எடுத்த நொடியிலே உலகம் பார்க்கிறது. ஆனால் அது போய்ச் சேரும் பக்கம் நம்முடையதா? கடல் கடந்த சில கம்பெனிகளின் பக்கம் அது. எதை மேலே ஏற்றுவது, எதைக் கீழே அமுக்குவது என்று தீர்மானிக்கும் ஆசிரியர் குழுவை நாம் கண்ணால் கண்டதுமில்லை. லூஸின் ஏட்டிலாவது, சண்டை போடுவதற்கு ஆசிரியர் என்று ஒரு மனிதர் எதிரே இருந்தார்.

அதுவும் கிடக்கட்டும். நம்மவர் எடுக்கும் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை, கசந்தாலும் கேளுங்கள். வெள்ளம் வந்தது, புயல் வந்தது. ஐந்து கிலோ அரிசிப் பையோடு போகிறோம். கொடுக்கும் கை ஐந்தாறு. வாங்கும் கை ஒன்று. எல்லோரும் காமிராவைப் பார்க்க, அந்த மூதாட்டி மட்டும் தரையைப் பார்க்கிறாள். ‘இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பம்மா’ என்கிறோம். அவள் பெயர் என்னவென்று எழுதிக்கொண்டோமா? அவள் வீடு ஏன் பள்ளத்திலே இருக்கிறது, அந்த ஏரிக்கரை யார் கைக்குப் போயிற்று என்று அடுத்த வாரம் போய்ப் பார்த்தோமா? வாட்சன் அம்மையாரின் பின்னே வாரக்கணக்கிலே நடந்த அந்தப் புகைப்படக்காரர் இந்தப் படத்தைக் கண்டால், இதிலே துடைப்பம் ஏந்தியவர் யார், கொடியாய்த் தொங்குபவர் யார் என்று கேட்கமாட்டாரா?

நமக்கென ஓர் ஏடு இருக்கிறது. அச்சு மங்கலாயிருக்கலாம், தாள் மட்டமாயிருக்கலாம், ஆனாலும் இது நம் பக்கம். கிளைதோறும் ஒருவர், தம் ஊர்த் தெருவை, தம் ஊர் ஆலையை, தம் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பின்வாசலை ஆண்டு முழுதும் தொடர்ந்து எடுங்கள். படத்திலே இருப்பவரின் பெயரைக் கேட்டு, ஒப்புதலையும் கேட்டு, நாளும் இடமும் குறித்து அனுப்புங்கள். வெளியானால் அவருக்கு என்ன இடர் வரும் என்பதையும் எழுதுங்கள். வெளியாவதற்கு முன்னே எழுதுங்கள். அனுப்பியவற்றில் எதை வெட்டினோம், ஏன் வெட்டினோம் என்று இந்த ஏட்டின் ஆசிரியர் குழுவையும் உரிமையோடு கேளுங்கள்.

கார்டன் பார்க்ஸ் 2006 மார்ச் 7-ஆம் நாள் நியூயார்க்கில் காலமானார், வயது 93. ஃபோர்ட் ஸ்காட் மண்ணிலே அடக்கம் செய்தார்கள். 2012 வாக்கில், அவர் பெயரால் இயங்கும் அறக்கட்டளையினர் பழைய பெட்டி ஒன்றைத் திறந்தார்கள். அடியிலே, தாளிலே சுற்றி வைத்த பொட்டலம். 1956-இல் அலபாமாவிலே எடுத்து, பெரும்பகுதி அச்சேறாமலே கிடந்த வண்ணப் படங்கள். பொட்டலத்தின்மேல் ‘பிரிவினைத் தொடர்’ என்று பெயர் குறித்திருந்தது.